பிளஞ்சர் காபி: அரவை முதல் கழுவுவது வரை, வீட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெட்டியில் பிரெஞ்சு பிரஸ் என்று அச்சிட்டிருந்தாலும், தென்னாப்பிரிக்காவில் வீடுகளில் அதைப் பிளஞ்சர் என்றே சொல்கிறோம். ஒரு குடுவை, அதன் மூடி வழியே இறங்கும் ஒரு தண்டு, தண்டின் நுனியில் ஒரு வலை, இவ்வளவுதான் அந்தக் காபிப் பாத்திரம். புதிதாக வாங்கியவர்கள் சொல்லும் குறை மூன்று. காபி கசக்கிறது, கோப்பையின் அடியில் மண்டி நிற்கிறது, பால் ஊற்றினால் தண்ணியாகிவிடுகிறது. டர்பனில் உறவுக்காரர்கள் வீட்டிலும், ஜோஹன்னஸ்பர்கின் சாண்ட்டன், மிட்ராண்ட் பக்கம் வேலைக்கு வந்து குடியேறிய தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வீட்டிலும் இந்த மூன்றையும் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். காரணமும் பெரும்பாலும் ஒன்றே. பித்தளை ஃபில்டரில் பழகிய கையோடு பிளஞ்சரைத் தொடுகிறார்கள். தண்டை அழுத்தும்போதுதான் சாரம் இறங்குகிறது என்று நினைக்கிறார்கள்.

பிளஞ்சரில் பிழிந்து எடுப்பது எதுவும் இல்லை. தூள் வெந்நீரில் ஊறுகிறது. ஊறும்போதே சாரம் இறங்கிவிடுகிறது. தண்டும் அதன் நுனியில் இருக்கும் வலையும் சக்கையை ஒதுக்கி வைப்பதற்கு மட்டும்தான். அரவை, அளவு, தண்ணீரின் சூடு, ஊறும் நேரம் நான்கும் சரியாக அமைந்தால், தண்டில் கை வைக்கும் முன்பே காபி ஆகிவிட்டது. அதில் ஒன்று தப்பினாலும், எவ்வளவு பக்குவமாக அழுத்தினாலும் தேறாது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

பிளஞ்சர் வாங்கும்போது பெட்டியில் உள்ள கப் கணக்கை நம்ப வேண்டாம். 8 கப் என்று போட்டிருப்பது பெரும்பாலும் 1 லிட்டர். அவர்கள் கணக்கில் ஒரு கப் என்பது ஏறக்குறைய 125 மி.லி. நாம் குடிக்கிற மக்கில் ஊற்றினால் நான்கு பேருக்குத்தான் வரும். 3 கப் என்பது 350 மி.லி., ஒருவருக்குத் தாராளமாகவும் இருவருக்குச் சிக்கனமாகவும் இருக்கும்.

பெரியதாக வாங்கி வைத்துக்கொண்டு அதில் ஒரு கோப்பை மட்டும் போடுவது சரிவராது. அகலக் குடுவையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் ஆறிவிடும். வலையும் அடிவரை போய்ச் சக்கையைச் சரியாக ஒதுக்காது. தினமும் இரண்டு பேர்தான் என்றால் 500 மி.லி. குடுவை போதும். விருந்தாளிகள் வரும் நாளுக்கு இரண்டு முறை போட்டுக்கொள்ளலாம்.

1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். கரண்டிக் கணக்கு ஏன் உதவாது என்பதை அளவுப் பகுதியில் சொல்கிறேன். நேரம் பார்க்க போனில் உள்ள டைமர் போதும். கலக்க மரக்கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் கரண்டி கண்ணாடியில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், பிறகு ஒருநாள் வெந்நீர் ஊற்றும்போது அந்த இடத்தில்தான் விரிசல் விடும். நுரை எடுக்க இரண்டு தேக்கரண்டி, ஆன காபியை ஊற்றி வைக்க ஒரு ஃபிளாஸ்க் அல்லது மூடியுள்ள ஜாடி. இவ்வளவுதான்.

எல்லாவற்றையும் மேடையில் எடுத்து வைத்த பிறகே கெட்டிலைப் போடுங்கள். தண்ணீர் கொதித்த பிறகு தராசைத் தேடுகிறவர்தான் ஆறிய நீரில் காபி போடுகிறார்.

2. எந்தக் காபி

ரிக்காஃபி போன்ற சிக்கரி கலந்த உடனடித் தூளுக்குப் பிளஞ்சர் தேவையே இல்லை. அது தண்ணீரில் முழுதாகக் கரைவது, வடிகட்ட எதுவும் மிஞ்சாது. பிளஞ்சருக்கு வேண்டியது வறுத்து அரைத்த கொட்டை.

ஊரிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் ஃபில்டர் காபித் தூளையும் இதில் போடாதீர்கள். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். அந்தத் தூள் நைசாக அரைத்தது. பித்தளை ஃபில்டரில் தூள் படுக்கை அசையாமல் இருக்கும், தண்ணீர் அதன் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கும், தூளே தூளை வடிகட்டும். பிளஞ்சரில் தூள் தண்ணீரில் மிதந்து அலைகிறது. நைசான தூள் பாதி வலையைத் தாண்டிக் கோப்பைக்கு வரும், மீதி வலையை அடைக்கும். கூடவே சிக்கரி இருந்தால் ஊறிக் கொழகொழத்து வலையில் அப்பிக்கொள்ளும். அந்தத் தூளை அதற்கென்று இருக்கும் ஃபில்டரிலேயே போடுங்கள், அருமையாக இருக்கும்.

இங்கே காபி வறுத்து விற்கும் கடைகளில் எத்தியோப்பியா, கென்யா, தான்சானியா, புருண்டி, ருவாண்டா கொட்டைகள் சுலபமாகக் கிடைக்கின்றன. குவாசூலு-நட்டாலிலேயே போர்ட் எட்வர்டு பக்கம் காபி விளைகிறது. பாலோடு குடிப்பவர்களுக்கு நடுத்தர வறுவல் அல்லது அதைவிடச் சற்றுக் கருத்தது நல்லது. மென்மையாக வறுத்த எத்தியோப்பியக் காபியில் எலுமிச்சை வாடை போல ஒரு புளிப்பு உண்டு. கறுப்பாகக் குடித்தால் அது அழகு. பால் சேர்ந்தால் நம் நாக்குக்குப் பொருந்துவதில்லை.

பொட்டலத்தில் வறுத்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். காலாவதித் தேதி மட்டும் இருந்தால் அது எப்போது வறுத்தது என்று தெரியாது. வறுத்து நாலைந்து நாள் ஆனதிலிருந்து ஒரு மாதம் வரை நல்ல பதம். நேற்று வறுத்ததை இன்றே போட்டால் உள்ளே இருக்கும் வாயு நுரைத்துக்கொண்டு தூளை மேலே தள்ளும், தண்ணீர் சரியாக உள்ளே இறங்காது.

3. அரவை

நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். மற்ற எல்லாவற்றையும் அந்த நிமிடமே சரிசெய்துகொள்ளலாம். அரைத்ததை மட்டும் திருப்பிக் கொட்டையாக்க முடியாது.

பதம் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் உப்புமா ரவையைக் காட்டுவேன். பருமனான ரவையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக உறுத்தும். காபித் தூளும் அப்படித்தான் உறுத்த வேண்டும், ரவையைவிடச் சற்றுப் பெரிதாகவே இருக்கலாம். மாவு போல விரலில் ஒட்டிக்கொண்டால் அது பிளஞ்சருக்கு ஆகாது.

பருமனாக ஏன்? தூள் நான்கு நிமிடத்துக்கு மேல் தண்ணீரிலேயே கிடக்கப் போகிறது. மணி சிறிதானால் தண்ணீர் படும் பரப்பு கூடும், நல்ல சுவை முதலில் இறங்கி, பின்னால் கசப்பும் துவர்ப்பும் இறங்கிவிடும். இரண்டாவது காரணம் வலை. அது ஓரளவுக்கு மேல் பருமனானதை மட்டும்தான் தடுக்கும்.

அரைக்கும் கருவியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பிளேடு சுழலும் மிக்சி வகை கிரைண்டர் கொட்டையை வெட்டிச் சிதறடிக்கும். ஒரே ஜாரில் பாதி மாவாகவும் பாதி குருணையாகவும் இருக்கும். மாவு கசப்பைத் தரும், குருணை அரைகுறையாக ஊறிப் புளிப்பைத் தரும். இரண்டும் ஒரே கோப்பைக்கு வரும். பர் கிரைண்டர் என்று கேட்டு வாங்குங்கள். அதில் இரண்டு பல்வட்டுகளுக்கு நடுவே கொட்டை நொறுங்கும், இடைவெளியை நாமே வைத்துக்கொள்ளலாம், மணிகள் ஏறக்குறைய ஒரே அளவில் வரும். கையால் சுற்றும் பர் கிரைண்டர் விலையும் குறைவு, மின்சாரமும் வேண்டாம். லோட் ஷெட்டிங் என்ற மின்வெட்டு நாட்களில் காலைக் காபி நிற்காமல் போனதற்கு இங்கே பல வீடுகளில் கையால் சுற்றும் கிரைண்டரும் காடாக் எரிவாயு அடுப்பும்தான் காரணம்.

பிளேடு கிரைண்டர் மட்டும்தான் இருக்கிறது என்றால், தொடர்ந்து ஓட்டாமல் விட்டு விட்டு ஓட்டி, நடுநடுவே ஜாரைக் குலுக்குங்கள். அரைத்ததை மாவு சலிக்கும் சல்லடையில் ஒருமுறை தட்டினால் மாவில் பெரும்பகுதி கீழே போய்விடும். மல்லி, மிளகாய், சோம்பு அரைக்கிற அதே ஜாரை மட்டும் காபிக்கு எடுக்காதீர்கள். டர்பன் சமையலறையில் மசாலா கிரைண்டர் எவ்வளவு கழுவினாலும் வாசனையை விடாது. காபிக் கொட்டையில் எண்ணெய்ப்பசை உண்டு, அது அந்த வாசனையை அப்படியே இழுத்துக்கொள்ளும்.

கிரைண்டரே இல்லாதவர்கள் கொட்டை வாங்கும் கடையிலேயே பிளஞ்சருக்கு என்று சொல்லி அரைத்து வாங்கலாம். சூப்பர் மார்க்கெட்டில் அரைத்தே வரும் பொட்டலங்களில் ஃபில்டர், பிளஞ்சர் என்று இரண்டையும் சேர்த்துப் போட்டிருப்பது உண்டு. அது இரண்டுக்கும் நடுவான அரவை, பிளஞ்சருக்குச் சற்று நைசுதான். அதை வைத்தும் நல்ல காபி போடலாம், 8-ஆம் படியில் சொல்லும் காத்திருப்பை விடாமல் செய்தால். அரைத்த தூளைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து வையுங்கள், இரண்டு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

4. அளவு

1 லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் தூள். இதிலிருந்து தொடங்குங்கள். 500 மி.லி. குடுவையில் 450 மி.லி. தண்ணீரும் 27 கிராம் தூளும். 1 லிட்டர் குடுவையில் 900 மி.லி. தண்ணீரும் 54 கிராமும். விளிம்பு வரை நிரப்பினால் வலையை உள்ளே வைக்கும்போதே பொங்கி வழியும்.

கரண்டிக் கணக்கை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், கறுத்து வறுத்த கொட்டை எடை குறைந்து உப்பியிருக்கும், மென்மையாக வறுத்தது கெட்டியாக இருக்கும். ஒரே கரண்டியில் இரண்டையும் அள்ளினால் எடை ஒன்றாக வராது. பருமனாக அரைத்ததும் நைசாக அரைத்ததும் அப்படியே. நேற்று நன்றாக வந்தது, இன்று வரவில்லை என்ற புலம்பலுக்கு இதுவே காரணமாக இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஊற்றிய தண்ணீர் முழுவதும் கோப்பைக்கு வராது. சக்கை தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 54 கிராம் போட்டால் 100 மி.லி. அளவுக்கு அங்கேயே நின்றுவிடும். எத்தனை பேருக்கு என்று கணக்குப் போடும்போது இதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

5. தண்ணீரும் சூடும்

தமிழ்நாட்டிலோ டர்பனிலோ படித்த எந்தக் குறிப்பையும் ஜோஹன்னஸ்பர்கில் அப்படியே பின்பற்ற முடியாத இடம் இது.

காபிக்கு ஏற்ற சூடு 92 முதல் 96 டிகிரி செல்சியஸ் வரை என்பது பொதுவான கணக்கு. டர்பன் கடலோரம், அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஜோஹன்னஸ்பர்கில் அது 94 டிகிரி அளவு, பிரிட்டோரியாவில் 95, 96 என்று வைத்துக்கொள்ளலாம்.

'கொதித்த பிறகு ஒரு நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள்' என்ற பரவலான அறிவுரை கடலோரத்துக்குச் சொன்னது. டர்பன், கேப் டவுன்காரர்கள் கெட்டில் நின்றதும் மூடியைத் திறந்து அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை விடுங்கள். கறுத்த வறுவல் என்றால் இன்னும் சற்று நேரம். கறுத்ததில் கசப்பு சீக்கிரம் இறங்கும் என்பதால் சூடு குறைவாக இருப்பது நல்லது.

ஜோஹன்னஸ்பர்கில் இருப்பவர்கள் ஆறவிடவே கூடாது. கெட்டில் நின்ற கணமே ஊற்ற வேண்டும். அங்கே ஒரு நிமிடம் விட்டு, அதையும் குளிர்ந்த குடுவையில் ஊற்றினால் தூள்மேல் விழும்போது 90-க்கும் கீழே போயிருக்கும். காபி தண்ணியாகவும் புளிப்பாகவும் வரும். 'இன்னும் நன்றாகக் கொதிக்கட்டும்' என்று கெட்டிலை மறுபடி மறுபடி தட்டுவதாலும் பயன் இல்லை. அந்த உயரத்தில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதே 94-தான். மென்மையாக வறுத்த கொட்டைக்கு அந்தச் சூடு சற்றுப் போதாது என்று தோன்றினால், அரவையை ஒரு படி நைசாக்கி ஈடுகட்டுங்கள்.

இரவில் ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்த வெந்நீர் காலையில் காபிக்கு உதவாது. கை பொறுக்காத சூடு என்று தோன்றும், ஆனால் சாரத்தை இறக்கும் சூடு அதில் இருக்காது. மின்சாரம் இல்லாத நேரத்தில் எரிவாயு அடுப்பில் புதிதாகக் கொதிக்க வையுங்கள்.

குழாய்த் தண்ணீரே போதும். குளோரின் வாடை தூக்கலாக இருக்கும் நாளில் வடிகட்டிய நீரை எடுத்துக்கொள்ளுங்கள். போர்வெல் தண்ணீர் உப்புக் கரித்தால் அதில் காபி போடவே வேண்டாம், எவ்வளவு நல்ல கொட்டையையும் மழுங்கடித்துவிடும்.

6. குடுவையைச் சூடாக்குவது

முதலில் கொஞ்சம் வெந்நீரைக் குடுவையில் ஊற்றி, சுழற்றி, அரை நிமிடம் வைத்துக் கொட்டிவிடுங்கள். ஜூன், ஜூலை மாத விடியலில் ஜோஹன்னஸ்பர்க் சமையலறை எவ்வளவு குளிரும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். குளிர்ந்த கண்ணாடி தண்ணீரின் சூட்டை உடனே உறிஞ்சிவிடும். கண்ணாடியும் ஒரேயடியாகக் கொதிநீரைத் தாங்குவதைவிட இப்படிப் பழகிக்கொள்வது நல்லது. அப்போதே விளிம்பில் சில்லு, கீறல் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். இருந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

கொட்டிய பிறகு கெட்டிலை மறுபடி ஒருமுறை கொதிக்கவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

7. ஊற்றி ஊறவிடுவது

குடுவையைத் தராசில் வைத்து, தூளைப் போட்டு, தராசைச் சுழியாக்குங்கள். டைமரைத் தட்டிவிட்டுத் தண்ணீரை ஊற்றுங்கள். 1 மி.லி. தண்ணீர் 1 கிராம் என்பதால் தராசே அளவையும் சொல்லிவிடும். 450 காட்டும்போது நிறுத்துங்கள். மெதுவாக ஊற்ற வேண்டியதில்லை. தூள் முழுவதும் நனையும்படி கொஞ்சம் வேகமாகவே சுற்றி ஊற்றுங்கள். உலர்ந்த தூள் எங்காவது தீவாக நின்றால் மரக்கரண்டியால் மெல்ல அமிழ்த்தினால் போதும்.

பிறகு நான்கு நிமிடம் கை வைக்காதீர்கள். மூடியைச் சும்மா மேலே வைத்துச் சூட்டைக் காக்கலாம், ஆனால் தண்டு மேலே இழுத்த நிலையிலேயே இருக்கட்டும். நடுநடுவே கலக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. கலக்கினால் மாவுத்தூள் கிளம்பிவிடும், அடங்க நேரம் பிடிக்கும்.

8. மேல் ஏட்டை உடைத்துக் காத்திருப்பது

நான்கு நிமிடம் ஆனதும் குடுவைக்குள் குனிந்து பாருங்கள். தூளெல்லாம் மேலே எழும்பி, விரலளவு தடிமனில் ஒரு ஏடு படிந்திருக்கும். மேற்பரப்பு உலர்ந்தாற்போல அங்கங்கே வெடித்து, வெடிப்புகளுக்குள் இளம்பழுப்பு நுரைக் குமிழ்கள் தெரியும். கரண்டியின் முதுகால் அந்த ஏட்டை மூன்று தரம் மெல்லத் தள்ளிவிடுங்கள். வாசனை குப்பென்று எழும். அடைபட்டிருந்த வாயு வெளியேறியதும் தூள் மணிகள் கனத்து, சுழன்றுகொண்டே கீழே போவதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். கொஞ்ச நேரத்தில் மேலே வெளிர் நுரையும் மிதக்கும் சில துணுக்குகளும் மட்டும் மிஞ்சும். இரண்டு தேக்கரண்டிகளால் அதை இரு பக்கமிருந்தும் கூட்டி அள்ளி எடுத்துவிடுங்கள். கசப்பில் ஒரு பங்கு அந்த நுரையில் இருக்கிறது.

இதற்குப் பிறகு இன்னும் 5 நிமிடம் அப்படியே விடுங்கள். 2007-இல் உலக பாரிஸ்டா (கடையில் காபி போடுபவர்) சாம்பியனான ஜேம்ஸ் ஹாஃப்மன் பரவலாக்கிய முறை இது. நான் பார்த்தவரை மண்டிக்கு இதைவிட நல்ல தீர்வு கிடையாது. நேரம் கூடினால் கசக்காதா என்று எல்லோரும் கேட்பார்கள். தூள் அடியில் படுத்துவிட்டது, தண்ணீரும் ஆறிக்கொண்டு வருகிறது, அரவையும் பருமன். அதனால் பயப்படும் அளவுக்குச் சாரம் இறங்காது. அந்த 5 நிமிடத்தில் மாவுத்தூள் கண்ணுக்குத் தெரியாமல் கீழே அடங்கும். கொதிக்கக் கொதிக்கக் குடித்தே பழகியவர்களுக்குப் பொறுமை வேண்டும். மக்குகளை வெந்நீரில் கழுவி வைத்துக்கொண்டால் சூடு போதுமானதாக இருக்கும்.

9. தண்டை இறக்குவது

மூடியைப் பொருத்தி, தண்டை நேராகப் பிடித்து, கையின் எடையை மட்டும் வைத்து மெல்ல இறக்குங்கள். வலை தண்ணீர்ப் பரப்புக்குச் சற்றுக் கீழே போனாலே ஊற்றத் தயார். அடிவரை அழுத்த வேண்டிய அவசியமே இல்லை. அழுத்தினால் இவ்வளவு நேரம் அடங்கியிருந்த மண்டி மறுபடி கிளம்பும்.

டர்பன் சாட்ஸ்வர்த்தில் என் பெரியம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஃபில்டர் காபித் தூளைப் போட்டுவிட்டு, "இறங்கவே மாட்டேங்குது தம்பி" என்று இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினார். "அமுக்காதீங்க பெரியம்மா, மேல இழுங்க" என்று நான் சொல்வதற்குள் மூடியின் ஓரத்திலிருந்து கொதிக்கும் காபி பீய்ச்சியடித்து மேடையெல்லாம் ஓடியது. கையில் படாதது நல்ல நேரம். அடைத்த வலைக்குக் கீழே இருக்கும் தண்ணீருக்குப் போக வழி இல்லாததால், கிடைத்த சந்தில் பாய்கிறது.

தண்டு முரண்டு பிடித்தால் அரவை நைசு என்று அர்த்தம். ஒரு விரற்கடை மேலே இழுத்து, சில நொடி விட்டு, மறுபடி மெல்ல இறக்குங்கள். அப்போதும் இறங்காவிட்டால் அழுத்துவதை விட்டுவிட்டு, தேநீர் வடிகட்டியில் ஊற்றிக் குடியுங்கள். பிள்ளைகள் மேடைப் பக்கம் நிற்கும்போது இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

10. உடனே மாற்றி ஊற்றுவது

ஆன காபியைப் பிளஞ்சரிலேயே வைத்து, இரண்டாவது மக்கை அரை மணி நேரம் கழித்து ஊற்றுவது பரவலான தவறு. வலை சக்கையை ஒதுக்கியிருக்கிறதே தவிர, தண்ணீரிலிருந்து பிரித்துவிடவில்லை. ஊறல் மெதுவாகத் தொடர்ந்துகொண்டே இருக்கும், கடைசி மக்கு கசந்துவிடும். குடிப்பது போக மீதியை அப்போதே ஃபிளாஸ்கில் ஊற்றி மூடுங்கள். குடுவையைச் சாய்த்து நிதானமாக ஊற்றி, அடியில் இரண்டு விரல் உயரத்தை விட்டுவிடுங்கள். அதையும் கவிழ்த்து எடுப்பவர் கோப்பையில்தான் மண்டி நிற்கிறது.

11. பாலோடு குடிப்பவர்களுக்கு

1 லிட்டருக்கு 60 கிராம் என்பது கறுப்புக் காபிக்கும், கொஞ்சம் பால் சேர்ப்பவர்களுக்கும் உரிய கணக்கு. டிகாஷனும் பாலும் கலந்து குடித்த நாக்குக்கு அது தண்ணிதான். அதற்காக நேரத்தைக் கூட்டுவார்கள், கசப்பு கூடுமே தவிரக் கெட்டியாகாது. கூட்ட வேண்டியது தூளை.

500 மி.லி. குடுவையில் 45 கிராம் தூள், 320 மி.லி. தண்ணீர். ஆறு நிமிடம் ஊறவிட்டு, ஏட்டை உடைத்து, மேலே சொன்ன அதே முறையில் முடியுங்கள். சக்கை குடித்ததும் அடியில் விட்டதும் போக, 200 மி.லி. அளவுக்குக் கெட்டியான காபி கிடைக்கும். ஃபுல் கிரீம் பாலைத் தனியாகக் காய்ச்சி, பொங்கி வரும்போது இறக்கி, 300 மி.லி. சேர்த்தால் மூன்று பேருக்கு நிறைவாக இருக்கும். சர்க்கரையைப் பாலில் கரைத்துவிட்டு டம்ளரில் ஆற்றினால் நுரையும் வரும்.

பித்தளை ஃபில்டர் டிகாஷனின் அடர்த்தி இதில் முழுதாக வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வருவது வேறொரு காபி. அதில் கொட்டையின் வாசனை கூடுதலாகத் தெரியும். பாலைக் குளிர்ந்ததாகப் பிளஞ்சருக்குள் ஊற்றுவதோ, பாலிலேயே தூளை ஊறவிடுவதோ வேண்டாம். கொழுப்பு வலையில் படிந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு.

12. கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் கவனிக்க

காபிக் கொட்டையின் எண்ணெயில் கஃபெஸ்டால் என்ற பொருள் இருக்கிறது. அது இரத்தத்தில் எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும். காகித வடிகட்டி அதைப் பெருமளவு பிடித்துக்கொள்ளும், உலோக வலை பிடிக்காது. ஏற்கெனவே கொலஸ்ட்ரால் கூடியவர்கள் தினமும் நாலைந்து மக் பிளஞ்சர் காபி குடிப்பதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். விட மனமில்லை என்றால், ஆன காபியைக் காகித வடிகட்டி வழியே ஒருமுறை ஊற்றிக் குடிக்கலாம். மண்டியும் போய்விடும்.

13. சுவை தப்பினால்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாக்கின் பின்பக்கம் கசந்து, வாய் உலர்ந்தால், அரவையை ஒரு படி பருமனாக்குங்கள். புளித்து, சப்பென்று இருந்தால் அரவையை ஒரு படி நைசாக்குங்கள், 5-ஆம் படியில் சொன்னதைவிடத் தண்ணீரை அதிகம் ஆறவிட்டீர்களா என்றும் பாருங்கள். சுவை சரி, கெட்டியாக மட்டும் இல்லை என்றால் 5 கிராம் தூள் கூட்டுங்கள். இரண்டு, மூன்றைச் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த பொட்டலம் வாங்கியதும் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

14. கழுவுவது

சூடான குடுவையில் குளிர்ந்த குழாய் நீரைத் திறந்துவிடாதீர்கள். குளிர்காலத்தில் கண்ணாடி விரிசல் விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆறிய பிறகு சக்கையை மரக்கரண்டியால் வழித்தெடுங்கள். சிங்கில் கொட்டினால் குழாய் வளைவில் தேங்கி அடைத்துவிடும். மீதி ஒட்டியிருப்பதைத் தண்ணீர் விட்டுச் சுழற்றிச் சல்லடையில் ஊற்றினால் சக்கை தங்கிவிடும். பின்கட்டில் கறிவேப்பிலை மரம் இருந்தால் அடியில் மெல்லிசாகத் தூவி மண்ணோடு கிளறிவிடலாம். தடிமனாகக் கொட்டினால் காய்ந்து இறுகி, மேலே ஊற்றும் தண்ணீரை உள்ளே விடாது.

தண்டின் அடிப்பகுதியைத் திருகினால் தனித்தனியாகக் கழன்று வரும். பலர் வாங்கிய நாளிலிருந்து கழற்றியதே இல்லை. தட்டுகளுக்கு நடுவே எண்ணெய்ப்பசையும் மாவுத்தூளும் தங்கி, சில நாளில் சிக்கு வாடை அடிக்கும். அந்த வாடை புதுக் காபியிலும் ஏறும். தினமும் கழற்றிப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் அலசுங்கள். வாரத்துக்கு ஒருமுறை வெந்நீரில் ஒரு கரண்டி சோடா உப்பு கரைத்துக் கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் பிசுக்கு விடும்.

திரும்ப மாட்டும்போது வரிசை முக்கியம். ஓரத்தில் சுருள் கம்பி உள்ள தட்டு மேலே, நடுவில் வலை, துளைகள் உள்ள தட்டு கடைசியில் அடியில். வலையைத் தலைகீழாக மாட்டினால் ஓரம் கண்ணாடியோடு ஒட்டாமல் தூள் பக்கவாட்டில் ஏறிவிடும். வலையின் ஓர இழைகள் பிரிந்து நின்றாலும் அதே கதைதான். வலை மட்டும் தனியாகக் கிடைக்கிறது. வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பாருங்கள், ஒரே லிட்டர் அளவில் வெவ்வேறு விட்டமுள்ள குடுவைகள் இருக்கின்றன.